பேய்க்கதைக்கு முன்பணம்: வாசகர் காசில் ஒரு நாவல் அச்சேறிய விதம்

தமிழில் பேய்க்கதைக்கு ஆள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ராத்திரி பதினொரு மணிக்கு யூடியூபில் அமானுஷ்யக் கதையை ஓடவிட்டு, காதில் மாட்டிக்கொண்டு தூங்கப் போகிறவர்கள் எத்தனையோ பேர். பிரதிலிபி என்ற கதைத் தளத்தில் திகில் தொடர் எழுதுகிறவர்களின் கதைக்குக் கீழே "அடுத்த பாகம் எப்போ?" என்று கேட்டு நிற்கிறார்கள். ஆனால் அதே மாதிரிக் கதையை 384 பக்க நாவலாக எழுதி, யாருக்கும் தெரியாத பெயரில் பதிப்பகத்துக்கு அனுப்பினால் பதில் வேறு மாதிரி வருகிறது. "நல்லா வந்திருக்கு. ஆனா இதை யார்கிட்ட கொண்டுபோய் விக்கிறதுன்னு எங்களுக்குத் தெரியல" என்றார் ஒருவர். "அச்சுச் செலவை நீங்க ஏத்துக்கிட்டா போடலாம்" என்றார் இன்னொருவர்.

அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சிறு பதிப்பகம் என்பது பெரும்பாலும் ஒரே ஆள், ஒரு குடோன், கொஞ்சம் கடன். முன்னூறு பிரதி போட்டு அது மூன்று வருஷம் கட்டாகக் கிடந்தால் அடுத்த புத்தகத்துக்கு அவரிடம் காசு இருக்காது. ஆனால் அந்த இரண்டாவது பதிலைக் கேட்டபோது ஒரு யோசனை வந்தது. செலவை நான்தான் ஏற்க வேண்டுமென்றால், அதை வாசகர்களோடு சேர்ந்து ஏற்கலாமே? கடன் வாங்கி அச்சடித்து, பிறகு வாசகரைத் தேடி அலைவதைவிட, வாசகரை முதலில் தேடிப் பிடித்துவிட்டு அச்சகத்துக்குப் போகலாமே?

இது தமிழுக்குப் புதிதும் இல்லை. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டதே, புத்தகத்தை வாங்கிக்கொள்வதாக முன்கூட்டிப் பலரிடம் கையொப்பம் வாங்கி, அந்த நம்பிக்கையில் அச்சு வேலையைத் தொடங்கித்தான். 'என் சரித்திரம்' படித்தவர்களுக்கு அந்த அலைச்சல் நினைவிருக்கும். இன்று நம் பதிப்பகங்கள் நடத்தும் முன்வெளியீட்டுத் திட்டமும் அந்த வழியில் வந்ததுதான். நான் செய்தது அதையே தனி ஆளாக, ஒரே புத்தகத்துக்கு.

என் நாவல் நடக்கும் இடம் தேரிக்காடு. திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் இடையில் செக்கச்செவேலென்று கிடக்கும் மணல்மேடு. ஆடிக் காற்றில் மணல் இடம் மாறும். நேற்று நடந்த தடம் இன்று இருக்காது. பனைகள், முந்திரி, நடுவில் அய்யனார் கோயில்கள். பேயும் மாடனும் இசக்கியும் நடமாட இதைவிடத் தோதான இடம் எனக்குத் தெரியவில்லை. வில்லுப்பாட்டில் கேட்ட கதைகளிலிருந்து ஒரு மாய உலகத்தைக் கட்டியிருந்தேன்.

வழிமுறை என்று தேடியபோது முதலில் கண்ணில் பட்டது, பொதுமக்களிடம் முன்பணம் திரட்ட உதவும் கிக்ஸ்டார்ட்டர் என்ற இணையதளம். 2022 மார்ச்சில் பிராண்டன் சாண்டர்சன் என்ற அமெரிக்க மிகுபுனைவு (ஃபேன்டஸி) எழுத்தாளர் நான்கு நாவல்களுக்கு அங்கே திரட்டிய தொகை 4 கோடியே 17 லட்சம் டாலர். ஒரு லட்சத்து எண்பத்தையாயிரம் பேருக்கு மேல் பணம் கட்டினார்கள். இந்த எண்ணைப் பார்த்து மயங்கக் கூடாது. அவர் பதினைந்து வருஷத்துக்கு மேலாக எழுதிச் சேர்த்த வாசகர்கள் அவர்கள். அந்தத் தளம் வாசகரை உருவாக்கவில்லை, ஏற்கனவே இருந்தவர்களை ஓர் இடத்தில் வரிசையாக நிற்க வைத்தது. அதுவும் போக, இந்தியாவிலிருந்து அங்கே பணம் கட்டலாமே தவிர, திட்டம் தொடங்க முடியாது. சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு அந்த வழி 2016 முதல் திறந்திருக்கிறது, நமக்கு இல்லை.

ஆனால் அதன் ஒரு விதி எனக்குப் பிடித்திருந்தது. குறித்த நாளுக்குள் குறித்த தொகை சேராவிட்டால் யாரிடமிருந்தும் ஒரு பைசாவும் எடுக்கப்படாது. இதை அப்படியே என் திட்டத்தில் வைத்தேன். "150 முன்பதிவு வராவிட்டால் எல்லோருக்கும் பணம் திரும்ப வரும், புத்தகம் அச்சாகாது" என்று அறிவிப்பின் இரண்டாவது வரியிலேயே எழுதினேன். இது வாசகருக்கு மட்டும் பாதுகாப்பு இல்லை. இன்னும் கொஞ்சம் பேர் வேண்டும் என்று தெரிந்தால்தான் பதிவு செய்தவர் தன் நண்பரிடம் சொல்வார்.

பணம் யார் கையில் இருக்கிறது என்பதும் முக்கியம். பிரிட்டனில் 2011இல் தொடங்கிய அன்பவுண்ட் என்ற பதிப்பகம் முழுக்க வாசகர் முன்பணத்தில் புத்தகம் போட்டுப் பேர் வாங்கியது. 2025 மார்ச்சில் அது நொடித்தபோது, எழுத்தாளர்கள் பலருக்குச் சேர வேண்டிய பணம் சிக்கிக்கொண்டது. வாசகர் கொடுத்தது ஒரு குறிப்பிட்ட புத்தகத்துக்காக. அந்தக் காசு பொதுக் கணக்கில் கலந்துவிட்டால் யாருடையது என்று பிரிக்க முடியாது. அதனால் இந்த நாவலுக்கென்றே தனி வங்கிக் கணக்கு திறந்தேன். வீட்டு மளிகைக் காசு ஒரு நாளும் அதில் கலக்கவில்லை.

இனி இந்த அனுபவத்தின் நடுப்பகுதிக்கு வருகிறேன். காசு கேட்பதற்கு முன் என்ன செய்தேன் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது.

திகில் கதை காதால் கேட்கப் பிறந்தது. திண்ணையில் பாட்டி சொன்னதும், கொடைக்கு வந்த அண்ணாவி வில்லடித்துப் பாடியதும்தான் நமக்கெல்லாம் முதல் பயம். அதனால் படம், போஸ்டர், டிரெய்லர் எதற்கும் முன்னால் நாவலின் பகுதிகளை நானே வாசித்துப் பதிவு செய்தேன். பத்து நிமிஷத்துக்கு மேல் போகாத துண்டுகள். மைக் வாங்கவில்லை. மின்விசிறியை நிறுத்திவிட்டு, துணிகள் தொங்கும் அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து போனில் பேசினால் எதிரொலி வராது, அது போதும். வாட்ஸ்அப்பில் ஒரு குழு, அதில் நான் மட்டும் பதிவிடலாம், பதில் சொல்ல விரும்புகிறவர்கள் தனியாக எனக்குப் பேசலாம். வாரத்துக்கு ஒன்று, வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு. அமாவாசை வரும் வாரத்தில் மட்டும் அமாவாசை அன்று.

முதல் அத்தியாயத்தை வாசிக்கவில்லை. மிகுபுனைவு நாவலின் முதல் அத்தியாயம் பெரும்பாலும் உலகத்தை அறிமுகம் செய்கிற அத்தியாயம். குரலில் அது இழுக்கும். நான் எடுத்தது நாவலின் நடுவில், ஒரு பனையேறி இருட்டுகிற நேரத்தில் மரத்தின் மேலிருந்து கீழே பார்க்கிறபோது, தன் மனைவி மரத்தடியில் நிற்பதையும், அதே மனைவி தூரத்தில் வீட்டு வாசலில் விளக்கு ஏற்றுவதையும் ஒரே சமயத்தில் காண்கிற இடம். அவன் இறங்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிட்டேன். அன்று ராத்திரி வந்த பதில்களில்தான் இந்தப் புத்தகம் அச்சாகும் என்ற நம்பிக்கை எனக்கு வந்தது.

பாராட்டு குறைவுதான். வந்தது பெரும்பாலும் அவரவர் கதை. கேட்டவர்கள் குரல்பதிவில் தங்கள் ஊர்ப் பேயைச் சொல்லத் தொடங்கினார்கள். அதில் ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறேன். உடன்குடிப் பக்கத்துக்காரர், இப்போது மும்பையில் இருக்கிற ஓர் அம்மா அனுப்பியது:

"தம்பி, எங்க அப்பா பனையேறி. சாயங்காலம் எறங்கி வந்தா அருவாப்பெட்டியத் தரையில வைக்க மாட்டாவ. வாசப்படி தாண்டி உள்ளயும் கொண்டாற மாட்டாவ. முத்தத்துல ஆணியில தொங்கும். ராத்திரி அது ஆடுச்சுன்னா காத்துன்னு நெனச்சுக்கிடணும். ஏன்னு கேக்கக் கூடாது."

நான் எழுதி வைத்திருந்த மூன்று பக்கம் செய்யாத வேலையை அந்த ஆடுகிற பெட்டி செய்தது. அவரிடம் அனுமதி கேட்டு நாவலில் சேர்த்தேன். நன்றிப் பக்கத்தில் பெயர் போட்டேன். பிறகு முன்பதிவு அறிவித்தபோது அவர் வழியாக மட்டும் தாராவியிலிருந்து வந்த பதிவுகள் கணிசம். தன் ஊர், தன் அப்பாவின் பெட்டி அச்சில் வருகிறது என்பதற்காக வாங்கியவர்கள் அவர்கள். விளம்பரம் என்று தனியாக நான் எதைச் செய்திருந்தாலும் இந்த வாசகர்களிடம் போய்ச் சேர்ந்திருக்க முடியாது.

இதிலிருந்து இன்னொரு வழியும் திறந்தது. தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனாரைக் குலதெய்வமாகக் கும்பிடுகிறவர்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள். கார்த்திகை மாதக் கள்ளர்வெட்டுத் திருவிழாவுக்கு எங்கிருந்தாலும் ஊருக்கு வருவார்கள். "திகில் நாவல் வாசகர்" என்று பொதுவாகத் தேடினால் கிடைக்காத ஆட்கள், "தேரிக்காட்டுக் கதை" என்றதும் திரும்பிப் பார்த்தார்கள். மாய உலகக் கதை எழுதுகிற எல்லோருக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். உங்கள் கற்பனை உலகம் எந்த மண்ணிலிருந்து முளைத்ததோ அந்த மண்ணின் ஆட்களிடம் முதலில் போங்கள். கொல்லிமலையோ, ஜவ்வாது மலையோ, வேதாரண்யத்து உப்பளமோ, மட்டக்களப்பு வாவியோ, ஒவ்வொன்றுக்கும் ஊர்க்காரர் குழுக்கள் ஃபேஸ்புக்கில் உயிரோடு இருக்கின்றன.

மாதத்தைத் தேர்ந்தெடுப்பதும் சாதாரண விஷயம் இல்லை. நான் 2025 ஆவணியில் முன்பதிவு திறந்து புரட்டாசியில் மூடினேன். காரணம் உண்டு. ஜனவரியில் நந்தனத்தில் சென்னைப் புத்தகக் காட்சி. அதற்காக நவம்பர், டிசம்பரில் எல்லா அச்சகமும் நிரம்பி வழியும். வாசகரும் காசைக் காட்சிக்கென்று எடுத்து வைத்திருப்பார். சிவகாசியிலோ ஆடிப்பெருக்குக்கு அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியானதும் பெரிய அச்சகங்கள் அந்த வேலையில் மூழ்கிவிடும். அதனால் காலண்டர் எடுக்காத ஒரு சின்ன அச்சகத்தை முன்கூட்டியே பேசி வைத்தேன். அறிவிப்பை மாதத்தின் முதல் வாரத்தில், சம்பளம் கைக்கு வந்த நாட்களில் விட்டேன். இருபதாம் தேதிக்கு மேல் யாரிடமும் காசு பற்றிப் பேசவில்லை, கதை மட்டும் போட்டேன்.

முதல் சில நாள் பதிவுகள் வேகமாக வரும். பிறகு ஓர் அமைதி வரும். அது எல்லோருக்கும் வருவது. கடைசி நாட்களில் மறுபடி வேகம் எடுக்கும். அந்த நடு அமைதியில் "இன்னும் இவ்வளவுதான் வந்திருக்கிறது" என்று கெஞ்சினால் வாசகர் விலகிப் போவார். அந்த வாரங்களுக்கென்றே இரண்டு விஷயங்களை எடுத்து வைத்திருந்தேன்: ஓவியர் வரைந்த தேரியின் வரைபடமும், அட்டைப்படத்தின் பென்சில் நகலும். வரைபடத்தைப் போட்ட அன்று "இந்தச் சுனை எங்க இருக்கு, நிஜமா?" என்ற கேள்விகள் வந்தன, கூடவே பதிவுகளும் வந்தன.

இப்போது கணக்கு. எழுதுகிறவர்கள் பலர் இதைச் சொல்லக் கூச்சப்படுவதால் நான் சொல்லிவிடுகிறேன். 300 பிரதிக்குத் திட்டமிட்டேன். அச்சும் பைண்டிங்கும் பிரதிக்கு 160 ரூபாய் வீதம் 48,000. அட்டை ஓவியமும் வரைபடமும் 20,000. பிழைதிருத்தமும் பக்க வடிவமைப்பும் 18,000. இதுவரை 86,000. வாசகர் கையில் போய்ச் சேரும் வரை உள்ள செலவு, அட்டைப்பெட்டி, தபால் எல்லாம் சேர்த்துப் பிரதிக்கு 55 ரூபாய் என்று வைத்தேன். 225 பார்சலுக்கு 12,000 ரூபாய்க்கு மேல். வரவில், 400 ரூபாய்க்குச் சாதாரணப் பிரதி 200, ஆயிரம் ரூபாய்க்குக் கையெழுத்தும் ஏ3 அளவு வரைபடமும் சேர்ந்த சிறப்புப் பிரதி 25. மொத்தம் 1,05,000. பணம் செலுத்தும் தளத்துக்குப் போகும் சுமார் இரண்டு சதவீதமும் வரைபட அச்சும் போக, கையில் கொஞ்சம் மிச்சமும் அலமாரியில் 75 பிரதியும் நிற்கும். என் எழுத்துக் கூலி அந்த 75 பிரதியில்தான் இருக்கிறது. 150 என்ற எல்லைக்கோடும் இதிலிருந்து வந்ததுதான். அதற்குக் கீழே போனால் என் சேமிப்பிலிருந்து நான் போடத் தயாராக இருந்த தொகையைத் தாண்டிவிடும்.

இதில் ஆளை விழுங்குவது தபால்தான். முன்பெல்லாம் சிறு பதிப்பாளர்கள் பதிவுப் புத்தக அஞ்சலை நம்பி இருந்தார்கள். 2024 டிசம்பரில் அந்தச் சேவை நிறுத்தப்பட்டது. பதிவுப் பார்சலில் அனுப்பினால் கிலோவுக்கு இரண்டு மடங்குக்கும் மேல் ஆயிற்று. 2025 மே மாதம் ஞான் போஸ்ட் என்ற புதிய புத்தக அஞ்சல் சேவை வந்தது, 300 கிராம் வரை 20 ரூபாய், ஐந்து கிலோவுக்கு 100 ரூபாய் என்ற அளவில், வரி தனி. கல்வி, சமூகம், பண்பாடு, சமயம் சார்ந்த நூல்களுக்கு என்று விதி சொல்வதால், நாவலை எடுத்துக்கொள்வார்களா என்று உங்கள் தபால் நிலையத்தில் ஒரு புத்தகத்தைக் காட்டி முன்பே கேட்டுவிடுங்கள். நான் விலையை வைக்கும்போது அது கிடைக்காது என்று கொண்டே கணக்குப் போட்டேன்.

எடையும் காகிதத்தில் தொடங்குகிறது. டெமி என்ற வழக்கமான நாவல் அளவில் 384 பக்கம், 70 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) தாளில் அட்டையோடு சுமார் 430 கிராம். அதே புத்தகம் 80 ஜி.எஸ்.எம். தாளில் 490 கிராமை நெருங்கும். மேலே பெட்டியைச் சுற்றினால் அரைக் கிலோவைத் தாண்டி அடுத்த கட்டணத்துக்குப் போய்விடும். கைக்குத் தடிமனாக இருக்கட்டும் என்று கனமான தாள் கேட்பதற்கு முன், தராசில் வைத்துப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

சலுகைகளில் அடக்கம் வேண்டும். குவளை, டீ-ஷர்ட், சாவிக்கொத்து என்று போகாதீர்கள். ஒவ்வொன்றும் வேறு அளவுப் பெட்டி, வேறு எடை, உடையும் பொருள். புத்தகத்தோடு மடித்து வைக்கக்கூடியது மட்டும் போதும். வெளிநாட்டுத் திகில் எழுத்தாளர்கள், அதிகப் பணம் கொடுப்பவரின் பெயரை நாவலில் சாகிற ஒரு பாத்திரத்துக்கு வைப்பார்கள். நம் வீடுகளில் அது எடுபடாது. நல்ல நாளும் அதுவுமாய் யாரும் தன் பெயரைச் சாவுக்குக் கொடுக்க மாட்டார்கள். நான் அதற்குப் பதிலாக, வரைபடத்தில் உள்ள கிணறு, பனந்தோப்பு, சாவடி ஆகியவற்றுக்குப் பெயர் வைக்கும் உரிமையைக் கொடுத்தேன். பலர் தாத்தா பெயரையோ ஆச்சி பெயரையோ வைத்தார்கள். ஒன்று மட்டும் ஒருபோதும் சொல்லாதீர்கள்: லாபத்தில் பங்கு. வாசகர் முன்பணம் கொடுத்து வாங்குவது புத்தகம். பங்கு என்று சொல்லிவிட்டால் பொதுமக்களிடம் முதலீடு திரட்டுவது பற்றிய சட்டங்களுக்குள் போய் நிற்பீர்கள்.

பணம் வாங்கும்போது படிவத்தில் பெயர், முகவரி, பின்கோடு, போன் எண்ணோடு, பரிவர்த்தனை எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களையும் கேளுங்கள். பதிவு அம்மா பெயரில் இருக்கும், ஜிபேயில் பணம் மகன் பெயரில் வரும், பார்சல் அலுவலக முகவரிக்குப் போகும். அந்த நான்கு இலக்கங்கள் இல்லாவிட்டால் யார் கட்டியது எது என்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து தேட வேண்டியதுதான். வெளிநாட்டு வாசகர்களுக்குப் புத்தக விலையைவிடத் தபால் செலவு அதிகம் என்பதால், அவர்களுக்கு மின்னூலும் வரைபடக் கோப்பும் கொடுத்தேன். ஊரில் இருக்கிற அண்ணன் வீட்டு முகவரியைக் கொடுத்து, "விடுமுறைக்கு வரும்போது எடுத்துக்கிறேன்" என்றவர்களும் உண்டு.

மின்னூல் கொடுப்பதில் ஒரு வரிசை இருக்கிறது. கிண்டிலில் அமேசானின் கே.டி.பி. செலக்ட் என்ற திட்டத்தில் சேர்த்தால் 90 நாள் உங்கள் மின்னூல் அமேசானில் மட்டுமே இருக்க வேண்டும். வேறெங்கும் பத்து சதவீதத்துக்கு மேல் போடக் கூடாது. பிரதிலிபியில் தொடராகக் கிடந்தாலும் விதிமீறல்தான். அதனால் முன்பணம் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் மின்னூலை அனுப்பி முடித்த பிறகுதான் கிண்டிலில் ஏற்றினேன். காசு கொடுத்து நம்பியவர் முதலில் படிப்பதே நியாயம் என்பதும் கூடவே நிறைவேறிற்று.

பிழைதிருத்துபவருக்கு நாவலைக் கொடுக்கும்போது, கூடவே ஒரு பெயர்ப் பட்டியல் கொடுத்தேன். மிகுபுனைவில் நாமே உண்டாக்கிய பெயர்கள், தெய்வங்கள், இடங்கள் எல்லாம் இருக்கும். அவற்றைப் பிழை என்று நினைத்துத் திருத்திவிட வாய்ப்பு உண்டு. வட்டார வழக்கில் வரும் உரையாடல் எதையும் தொடக் கூடாது என்பதையும் எழுதிக் கொடுத்தேன். யூனிகோடிலிருந்து பழைய எழுத்துருவுக்கு மாற்றி அச்சிடும் அச்சகமாக இருந்தால், மாற்றிய பிறகு இன்னொரு தடவை முழுவதும் படிக்க வேண்டும். கிரந்த எழுத்துகளும் மேற்கோள் குறிகளும் அங்கேதான் உடைகின்றன.

அட்டை விஷயத்தில் அச்சகத்து அண்ணாச்சியிடம் கற்றது ஒரு பாடம். திகில் நாவல் என்றால் முழுக் கருப்பு அட்டை என்று மனதில் வைத்துப் போயிருந்தேன். மாதிரியைக் கையில் வாங்கிப் பெருவிரலால் ஒரு தேய் தேய்த்தார்.

"தம்பி, கைபட்டா ரேகை விழும். கடையில நாலு பேர் எடுத்துப் பாத்தா, அஞ்சாவது ஆளு பழைய புத்தகம்னு வச்சுட்டுப் போயிருவான்."

"அப்போ என்ன செய்யலாம் அண்ணாச்சி?"

"முதுகுல கருப்பு வேண்டாம். மடிக்கிற எடத்துல வெடிச்சு வெள்ளை தெரியும். ஒங்க கதை செம்மண்ணுலதான நடக்கு? கருப்பைக் கொறச்சு அந்த செவப்பக் கொண்டாங்க. கீறல் விழாத லேமினேஷன் ஒண்ணு இருக்கு, பிரதிக்கு ரெண்டு மூணு ரூவா கூட ஆவும், போட்டுருங்க."

ஓவியரிடம் பேசி, அட்டையைக் காய்ந்த ரத்தச் சிவப்புக்கு மாற்றினோம். புத்தகக் கடையில் கருப்பு அட்டைகளுக்கு நடுவில் அது தனியாகத் தெரிகிறது. ஓவியரைப் பற்றி ஒரு வார்த்தை. அட்டை மனிதக் கையால் வரையப்பட்டது என்பதை அறிவிப்பில் சொன்னேன். செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தினால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று கிக்ஸ்டார்ட்டரே 2023 ஆகஸ்டிலிருந்து விதி வைத்திருக்கிறது. புத்தகம் வருவதற்கு முன்பே காசு கொடுக்கிற வாசகருக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. அட்டைப் படத்தைப் போஸ்டரிலும் புத்தகக்குறியிலும் பயன்படுத்தலாமா, இரண்டாம் பதிப்புக்குத் தனிக் கூலியா என்பதை முதலிலேயே எழுத்தில் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

பார்சல் கட்டும் வேலையை வீட்டில் எல்லோரும் சேர்ந்து செய்தோம். புத்தகத்தை முதலில் பிளாஸ்டிக் உறையில் போட வேண்டும். ஐப்பசி மழையில் தபால் பை நனையாமல் வராது. நான்கு மூலைக்கும் மடித்த அட்டைத்துண்டு வைத்து, அதன் மேல் நெளி அட்டை. கீழே விழுந்தால் முதலில் நசுங்குவது மூலைதான், மூலை நசுங்கிய புத்தகத்தை யாரும் பரிசாகக் கொடுக்க மாட்டார்கள். பின்கோடையும் போன் எண்ணையும் பெரிதாக எழுதினோம். எல்லாவற்றையும் ஒரே நாளில் அனுப்பாமல் மாவட்ட வாரியாகப் பிரித்து அனுப்பினால், தொலைந்ததை உடனே கண்டுபிடிக்கலாம். புத்தகம் கிளம்பிய அன்று ஒவ்வொருவருக்கும் கண்காணிப்பு எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். "எப்போ வரும்?" என்ற கேள்வியே வரவில்லை.

விமர்சனத்துக்கு ஆள் பிடித்துத் தருகிறேன், இத்தனை நட்சத்திரத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று பேசுகிறவர்கள் வருவார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பதிலாக, படித்தவர்களிடம் எந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்தீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டேன், குரல்பதிவில் பதில் சொல்லச் சொன்னேன். ஒரு கல்லூரி மாணவி, நள்ளிரவில் விடுதி வராந்தாவில் நடந்துகொண்டே மெதுவான குரலில் பேசிய பதிவை, அவர் அனுமதியோடு ரீல்ஸாகப் போட்டேன். நான் எழுதிய எந்த விளம்பர வரியையும்விட அது நிறையப் புத்தகம் விற்றது.

சட்டப்படி செய்ய வேண்டியவை சில. புத்தகத்தின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். இந்தியாவில் இலவசம். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையின் இணையதளத்தில் தனி எழுத்தாளரே விண்ணப்பிக்கலாம். காசு கேட்கிற இடைத்தரகர் தேவையில்லை. சில வாரம் ஆகலாம் என்பதால் பிழைதிருத்தம் தொடங்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள். 1954ஆம் ஆண்டின் சட்டப்படி, புத்தகம் வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாராவுக்கும், மும்பை, டெல்லி நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி சொந்தச் செலவில் அனுப்ப வேண்டும். அந்த 75 பிரதியில் நான்கு அப்படிப் போய்விடும் என்று இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

மிச்சப் பிரதிகளைக் கடைகளுக்குக் கொடுக்கும்போது 35 முதல் 40 சதவீதம் வரை கழிவு கேட்பார்கள். அச்சிட்ட விலை 450 ரூபாயாக இருந்தால் உங்கள் கைக்கு வருவது 270 அல்லது கொஞ்சம் கூட. புத்தகக் காட்சியில் வாசகருக்கு வழக்கமான பத்து சதவீதத் தள்ளுபடியும் இதற்குள்ளேதான் அடங்க வேண்டும். எந்தக் கடையிலும் ஐந்து பிரதிக்கு மேல் ஒரே தடவையில் போடவில்லை. விற்றதற்குப் பணம் வந்த பிறகு அடுத்த ஐந்து. முழு வரவு செலவையும் ஒரு பக்கத்தில் எழுதி, முன்பணம் கொடுத்த எல்லோருக்கும் அனுப்பினேன். அதைப் பார்த்துவிட்டு, "அடுத்ததுக்கு ரெண்டு பிரதி எழுதிக்கோங்க" என்று பதில் போட்டவர்களின் பட்டியலைத் தனியாக வைத்திருக்கிறேன். அச்சுக்குப் போன இறுதிக் கோப்பையும் அட்டையின் மூலக் கோப்பையும் அச்சகத்திலிருந்து கேட்டு வாங்கி, வீட்டில் இரண்டு இடத்தில் சேமித்திருக்கிறேன். இரண்டாம் பதிப்பு வேறு அச்சகத்தில் போட நேர்ந்தால் மறுபடி வடிவமைப்புக் கூலி கொடுக்க வேண்டியதில்லை.